தச்சர் முற்றத்துப் பிணம்

கைபேசி அலறியது.

பாரிஸ், லா சப்பல் உணவகக் குசினி. கரிகாலன் மாவு படிந்த கையோடு எடுத்தான்.

"அண்ணை... ஒருத்தனைக் கொலை செய்துபோட்டன்!"

தங்கை ஜெகதீஸ்வரி!

"எங்கை நிக்கிறாய்?"

"வேலையிடத்தில... தச்சர் முற்றம்... கெதியா வா!"

ஓடினான்.

ஒருகாலத்தில் தச்சர்கள் கதிரை செய்த பட்டறைகள். இப்போது பழமையை ரசிக்க வரும் பயணிகளுக்கு வாடகை அறைகள். ஜெகதீஸ்வரிக்கு அங்கே துப்புரவு வேலை.

வாசலில் ஓர் ஆணின் சப்பாத்து. உள்ளே வெறுங்கால்தான்... அறைகளின் சொந்தக்காரர் ஞானசுந்தரத்தின் சட்டம்!

கதவு திறந்தது.

தரையில் தலை முதல் கால் வரை போர்த்திய உருவம். சுவரில் ஆள் நுழையும் ஓட்டை. கட்டிலில் குவியலாகத் தங்கச் சங்கிலிகள்!

"ஆர் இவன்?"

"யானிக். பழைய பட்டறையில தங்கிப் பாக்க ஆசையெண்டு வந்தவன். பாத்தா, பக்கத்து நகைக்கடைச் சுவரை உடைச்சிருக்கிறான்! என்னைக் கண்டதும் கத்தியோடை பாஞ்சான்... சுவரில அழகுக்குத் தொங்கின கொட்டாப்புளியால ஒண்டு குடுத்தன்..."

தச்சனின் மரச் சுத்தியல் மூலையில் கிடந்தது.

"மூச்சுப் பாத்தனியோ?"

"பாத்தனான், அண்ணை... மூச்சில்லை!"

"கத்தி எங்கை?"

"காணேல்லை..."

"வேற ஏதும் தொட்டனியோ?"

"செத்தவனுக்குச் செய்யிறதைச் செய்தன்."

அவள் கையில் துடைக்கிற நீலத் துணியின் கிழிந்த பாதி.

"நாளைக்கு பிரெபெக்சர் அலுவலகத்தில வதிவிட விசாக் கார்த் எடுக்கிற நாள். இனி மறியல்ல கம்பியெண்ண வேண்டியதுதான்!"

"அழாதை. நான்தான் அடிச்சனான் எண்டு பொலிசுக்குச் சொல்லுறன்."

"விசரே உனக்கு?"

கைபேசியில் பொலிஸ் எண்ணை அழுத்தினான். முகவரி சொன்னான்.

பின்னால் துணி சரசரத்தது.

திரும்பினான்.

பிணம் எழுந்து நின்றது! கையில் கத்தி!

ஜெகதீஸ்வரி வீறிட்டாள்.

யானிக் பாய்ந்தான்...

தொம்!

ஓரடிகூட நகரவில்லை. வெட்டிய மரம்போலக் குப்புற விழுந்தான். கத்தி கட்டிலுக்கடியில் பறந்தது. கரிகாலன் அவன் முதுகில் ஏறி உட்கார்ந்தான்.

பொலிஸ் வந்தது. ஜெகதீஸ்வரி முந்திக்கொண்டு நடந்ததைச் சொன்னாள்.

விலங்கு மாட்டிய அதிகாரி லெத்திசியா, ஜெகதீஸ்வரியின் தோளைத் தட்டினாள். தற்காப்புத்தான், விசாக் கார்த்துக்கு ஒன்றும் வராது என்று பிரெஞ்சில் சொன்னாள். பிறகு கைதியின் பாதங்களைப் பார்த்துத் திகைத்தாள்.

இரண்டு கால் பெருவிரல்களும் நீலத் துணியால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன!

கரிகாலன் தங்கையை முறைத்தான்.

"இதென்னடி?"

"செத்த ஆளுக்குக் கட்டுறதுதானே, அண்ணை?"

"அவன் சாகேல்லையடி!"

"எனக்கென்ன தெரியும்? அரிசியும் தேடினனான். கிடைச்சிருந்தா வாய்க்கரிசியும் போட்டிருப்பன்!"