எச்சில் படாத சனிக்கிழமை

துடைத்து முடித்த பூஜை அறைத் தரையில் மறுபடியும் ஈரம் இருந்தது. வெறும் தண்ணீராக இருந்தால் ஷோபா கவலைப்பட்டிருக்க மாட்டாள். துணியை வைத்து எடுத்தபோது அது கூடவே எழும்பி வந்தது. நூல் மாதிரி நீண்டு, அறுபடாமல் தொங்கியது. துளசிக்கும் பச்சைக் கற்பூரத்துக்கும் நடுவே அந்தப் புளித்த வீச்சம் மூக்கில் ஏறியது.

அந்த வீச்சம் அவளுக்குத் தெரியும். ஆனால் புஜ்ஜி செத்து ஒரு வாரமாகிறதே.

புஜ்ஜி செயின்ட் பெர்னார்டு நாய். நகரி ஊரில் வேறு யார் வீட்டிலும் இல்லாத ஜாதி என்று அவள் கணவன் பிரபாகர் பெருமைக்கு வாங்கி வந்தது. உதடு தொங்கும் இந்த மாதிரி பெரிய நாய்களுக்கு எச்சில் ஒழுகிக்கொண்டேதான் இருக்கும், வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டை ஆற்றிக்கொள்ளும் என்று விற்றவர் சொல்லித்தான் கொடுத்தார். பிரபாகர் அதன் கழுத்தில் ஒரு துண்டைக் கட்டிவிட்டான். ஐந்து வயது மகள் பிரீத்தி தன் பாவாடையாலேயே அதன் வாயைத் துடைத்துவிடுவாள். ஷோபாவுக்கோ குமட்டும். சோபாவில் எச்சில், சுவரில் எச்சில், அது தலையை ஒரு உதறு உதறினால் மின்விசிறியில்கூட எச்சில்.

போன சனிக்கிழமை, புரட்டாசி மாவிளக்குக்குப் பிசைந்து வைத்த மாவில் ஒரு சொட்டு விழுந்தது. பெருமாளுக்கு வைத்தது எச்சிலாகிவிட்டது. பிரபாகர் திருமலைக்குப் போயிருந்தான். பக்கத்துத் தறிக்கொட்டகையிலிருந்து ஒரு துணிக்கிழிசலை எடுத்து வந்து நாயின் வாயை இறுக்கிக் கட்டினாள். இழை அறுந்தால் நெசவுக்காரர்கள் போடும் முடிச்சு. ஈரம் பட்டால் இன்னும் இறுகும். தகரக் கூரை போட்ட பின்கட்டு அறைக்குள் அதைத் தள்ளித் தாழ்போட்டாள். பூஜை முடிகிறவரைக்கும்தானே. அது முனகியதோ, கதவை முட்டியதோ, அந்தக் கொட்டகையின் விசைத்தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தபோது அது மூலையில் செத்துக் கிடந்தது. முடிச்சு அவிழவே இல்லை. கத்தரிக்கோலால் வெட்டினாள். அடைபட்டிருந்த எச்சிலெல்லாம் அவள் கைமேல் கொட்டியது, இன்னும் சூடாக.

துணியை அடுப்பில் போட்டு எரித்தாள். "வெயிலு தாங்காம செத்துப் போச்சிங்க" என்றாள் கணவனிடம். பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள்.

இன்றும் சனிக்கிழமை. இன்றும் அவன் மலைக்குப் போயிருந்தான்.

"அம்மா." பிரீத்தி வாசற்படியில் நின்றாள். "புஜ்ஜிக்கு வாய் ரொம்ப வலிச்சிச்சாம்."

"யாருடி சொன்னது?"

"புஜ்ஜிதான். பின்னாடி ரூம்ல குந்திக்கினு கீது. நைனா வந்ததும் சொல்லப் போறேன்."

கன்னத்தில் பளீரென்று ஓர் அறை விழுந்தது. "இன்னொரு வாட்டி அது பேரை எடுத்தின்னா, உன் வாயையும் கட்டிப் போட்டுடுவேன்!"

குழந்தை அழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. ஷோபா மாவைப் பிசைய உட்கார்ந்தாள். மாவு பிசுபிசுவென்று விரலோடு நூலாக வந்தது. அவள் இன்னும் தண்ணீரே ஊற்றவில்லை.

கரண்ட் போனது. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. டீக்கடைக்குக் கிளம்பிய தறிக்காரர்களின் பேச்சும் தேய்ந்தது. மத்தியான வெயிலில் தகரம் முறுகும் ஓசை மட்டும். அப்புறம், அதற்கும் அடியில், பின்கட்டிலிருந்து, ஈரமாக, அவசரமே இல்லாமல்.

ஹா. ஹா. ஹா.

"பிரீத்தி?"

மூச்சு வாங்கும் சத்தம் மட்டும். சமையலறைத் தரையில் பளபளவென்று ஒரு ஈரக்கோடு. அதன்மேல் சின்னச் சின்னக் காலடிகள். பின்கட்டுக் கதவுவரை போயின. திரும்பி வரவில்லை.

தாழ் வெளிப்பக்கம் போட்டிருந்தது. பிரீத்திக்கு அந்தத் தாழ் எட்டாது.

திறந்தாள். அனல் முகத்தில் அடித்தது. நாய் செத்துக் கிடந்த அதே மூலையில் பிரீத்தி குந்தியிருந்தாள். மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு துணிக் கட்டு. எரித்த துணி. அதே கரை, அதே கிழிசல். பின்னந்தலையில் முடிச்சு.

ஷோபாவின் முடிச்சு.

"என் கண்ணு... இரு... இரு..." நகம் பிய்ந்தது. முடிச்சு அசையவில்லை. குழந்தையின் கண்கள் பிதுங்கின. கத்தரிக்கோல். பூஜை அறையில். திரும்பினாள்.

கதவு சாத்தியிருந்தது. வெளியே தாழ் விழுந்தது.

"ஐயோ, யாராவது வாங்களேன்!"

கரண்ட் வந்தது. தறிகள் எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்கின. அவள் கத்தியது அவள் காதிலேயே விழவில்லை. மகளை மடியில் இழுத்துப் போட்டு முடிச்சில் பல்லை வைத்தாள். குழந்தையின் கால்கள் தரையில் உதைத்தன. துணி காய்ந்திருந்தது. காய்ந்திருக்கும்வரை அவிழ்த்துவிடலாம். ஒரு இழை நெகிழ்ந்தது. இன்னொன்று.

அவள் தலைக்கு மேலிருந்து, சூடாக, நூல் பிடித்தாற்போல் ஒரு நீண்ட சொட்டு இறங்கி முடிச்சின்மேல் விழுந்தது.