ஸ்பிரிட்டில் அலசிய இதயம்

மனித இதயத்துக்குள் இரத்தத்தையும் கொழுப்பையும் தவிர வேறெதுவும் நுழைய முடியாது. கிருமியும் நுழையாது, காதலும் நுழையாது. லிஃப்டுக்குள் இந்தத் தீர்ப்பை வழங்கியவன் ஓர் இளம் இதய அறுவை மருத்துவன்.

“முற்றத்துக்கு அந்தப் பக்கம் லேப்ல ஒரு பொண்ணு, ரத்தக்குழாய் அடைப்புல கிருமி இருக்கான்னு தேடுதாம் சிஸ்டர். இன்குபேட்டர் முன்னாடியே உட்கார்ந்திருக்குமாம்... அடைகாக்கிற கோழி மாதிரி! நானும் ஆபரேஷன்ல எடுக்கிற அடைப்புத் துண்டையெல்லாம் ஸ்பிரிட்ல நல்லா அலசி அனுப்பறேன். ஒண்ணும் பொரியல!”

“அலசியா?”

பின்னாலிருந்து வந்தது குரல். திரும்பினான். மழையில் நனைந்த இரண்டு கண்கள்... மை கரைந்திருந்தது, கோபம் கரையவில்லை.

“அந்தக் கோழி நான்தான். ஸ்பிரிட் பட்டா எந்தக் கிருமி டாக்டர் உயிரோட இருக்கும்? நீங்களே கழுத்தை நெரிச்சுட்டு, மூச்சே இல்லைங்கறீங்க!”

“அழுக்கா அனுப்பக் கூடாதேன்னு...”

“இந்த மாசமும் எதுவும் வளரலைன்னா ஆராய்ச்சியையே மூடிடுவாங்க. எங்க அப்பாவுக்குக் கொழுப்பு இல்ல, சுகர் இல்ல, சிகரெட் இல்ல. அடைப்பு மட்டும் வந்துச்சு. ஏன்னு கேட்டா கையை விரிச்சாங்க உங்க ஆளுங்க. கிருமிதான்னு நான் சொல்லல... தேடவாவது விடுங்க!”

மன்னிப்பு தொண்டை வரை வந்தது. கௌரவம் அதை உள்ளே தள்ளியது.

“கத்தாதீங்க மேடம், லிஃப்ட் அதிருது.”

“அதிரட்டும்!”

கதவு திறந்ததும் போய்விட்டாள்.

“முகமெல்லாம் செவந்திருக்கே டாக்டர்,” என்றாள் சிஸ்டர். “அதையும் ஸ்பிரிட்ல அலசினீங்களா?”

அந்த வாரம் முழுக்க அவன் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தான். தன் மீதுதான் கோபம் என்று புரிந்த நாளில், அறுவையில் எடுத்த துண்டை அலசாமல், அவளுடைய லேப் அனுப்பியிருந்த பாட்டிலில் இட்டான். வழக்கமாகக் கொண்டுபோகும் ஆளிடம் கொடுக்கவில்லை. கோட்டுக்குள் அணைத்தபடி, கொட்டும் மழையில் முற்றத்தைக் கடந்து ஓடினான்.

“அலசல,” என்று நீட்டினான்.

“மன்னிப்பு?”

“அதையும்... கொண்டுவந்திருக்கேன்.”

“ரெண்டையும் வெச்சுட்டுப் போங்க.”

“போக முடியல. அன்னைக்கு உங்க கோபம் எனக்குள்ள புகுந்துடுச்சு... எத்தனை தடவை கை கழுவினாலும் போகல. உங்களைப் பிடிச்சிருக்கு.”

“நான் இன்னும் கோபமாத்தான் இருக்கேன்.”

“இருங்க.”

அவள் துண்டைக் கிருமி வளர்க்கும் தட்டில் தேய்த்து, இன்குபேட்டருக்குள் வைத்து மூடினாள். அவனைப் பார்க்காமலே, காலால் ஒரு ஸ்டூலை அவன் பக்கம் தள்ளினாள்.

மருத்துவன் இன்குபேட்டரின் முன் அடைகாக்க உட்கார்ந்தான்.