பாரா மாற்றம்

இன்னாசி எழுந்தான். பல் துலக்கினான். பாலை அடுப்பில் வைத்துவிட்டு வலியாற்றியைத் தலையில் மாட்டிக்கொண்டான். பால் பொங்கியபோது கழற்றினான். மனம் நிறைவாக இருந்தது.

தூத்துக்குடி காவலர் குடியிருப்பு முழுவதும் இப்படித்தான் விடிகிறது. காவலர்களுக்கும் குடும்பத்தாருக்கும் துறையே வலியாற்றியைக் கொடுத்திருக்கிறது. நடந்ததை அது அழிப்பதில்லை. அதிலுள்ள வலியை மட்டும் உறிஞ்சிவிடுகிறது. வலியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சொல்லும் குரலும் சேர்ந்து போய்விடும். அந்த இடத்தை இதமாக எதையாவது வைத்துக் கருவியே நிரப்பும். இப்போதெல்லாம் இங்கே யாரும் குடித்துவிட்டுக் கதவை உதைப்பதில்லை. பிள்ளைகள் பயமில்லாமல் அப்பா மடியில் ஏறுகிறார்கள்.

அவன் மனைவி பெனிட்டா உதவி ஆய்வாளர். துறைமுகக் கிடங்குத் தீயில் செத்துப்போனாள். அவள் கடைசியாகச் சொன்னதை நினைத்தால், ‘நல்லா சாப்பிடுங்க’ என்று ஒரு தேன்குரல் கேட்கிறது. பெனிட்டாவுக்குத் தேன்குரல் கிடையாது. அது அவனுக்கு வலிக்கவில்லை. ஆனாலும் நிஜமானது வேண்டும் என்று இருந்தது.

வாசலில் தலைமைக் காவலர் செல்லக்கனி நின்றாள். தீப்பிடித்த அன்று, பெனிட்டா உள்ளே சிக்கிய கிடங்கின் பூட்டிய இரும்பு ஷட்டருக்கு வெளியே நின்றவள். வழக்கு முடியும்வரை சாட்சிகள் வலியாற்றி மாட்டக்கூடாது. அவள் கண்கள் குழி விழுந்திருந்தன.

"தீர்ப்பு வந்துட்டு தம்பி. இன்னைக்கு எனக்கும் மாட்டி விடுதாங்க."

"நல்லதுதானக்கா. காபி குடிங்க."

"ஒன் மூஞ்சியப் பாத்தா கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு."

"அக்கா, கடைசியா அவ என்ன சொன்னா?"

"போன மாசம் சொன்னேன், அழுத. மறுநாள் பாத்தா அத மறந்து சிரிச்சிட்டு நிக்க. அதுக்கு முன்னாடியும் அப்படித்தான்."

"கோர்ட்டுல சொல்லலையா?"

"கதவப் பூட்டுனது யாருன்னுதான் கேட்டாங்க. இத யாரும் கேக்கல." நாற்காலியில் உட்கார்ந்து டம்ளரைக் கீழே வைத்தாள். "இன்னைக்கு எனக்கும் போயிரும். அப்புறம் யாருகிட்டயும் இருக்காது. காவலுக்குப் பாரா நிக்கவ, மாத்த ஆளு வராம எறங்கக் கூடாது. அதான் இங்க வந்துட்டேன்."

இன்னாசி உள்ளே போய் வலியாற்றியை எடுத்து வந்து அவளிடம் கொடுத்தான்.

"இதத் துறையில ஒப்படைச்சிருங்க. எனக்கு வேண்டாம்."

"ராத்திரி தூங்க மாட்ட தம்பி."

"தெரியும்."

அதை வேண்டாம் என்று சொல்லும் தைரியத்தையும் அன்று காலை அதுதான் கொடுத்திருந்தது. அந்த நிறைவு மாலைவரை தாங்கும். அதற்குமேல் எப்படி என்று அவன் யோசிக்கவில்லை.

"பாராவுக்கு நான் வந்துட்டேன்க்கா. நீங்க எறங்குங்க."

செல்லக்கனி எழுந்து பழக்கத்தில் விறைப்பாக நின்றாள். பிறகு ஷட்டருக்கு உள்ளேயிருந்து பெனிட்டா சொன்னதைக் கேட்டபடியே, ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னாள்.

"பயமா இருக்குக்கா. எனக்கு வீட்டுக்குப் போகணும்."