கழுதைக்காது மலையில் ஒரு பொய்ப் புள்ளி

"கிளம்புங்க! மத்தியானத்துக்குள்ள கழுதைக்காது உச்சி!" என்று முழங்கினான் மரக் கணக்கெடுப்புத் தலைவன் இசக்கிமுத்து.

அவன் குழுவில் இருந்த ஜெசிந்தா தயங்கித் தயங்கிப் பையை மாட்டினாள். அந்த உச்சியில் வெண்நாவல் மரம் இருப்பதாக வரைபடத்தில் புள்ளி வைத்தவளே அவள்தான். ஆனால் போன வருஷம் அவள் உச்சிக்கு ஏறவே இல்லை. அன்று கொட்டிய மழையில் யானைகூடக் குடை கேட்டிருக்கும்! அடிவாரத்து ஓடைப் பள்ளத்தில் ஒரே மரத்தில் மாதிரிக்கு இரண்டு கொப்பு ஒடித்தாள்; செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தினாள்; ஒன்றில் 'ஓடைப் பள்ளம்' என்று எழுதினாள், மற்றதில் கூசாமல் 'உச்சி' என்று எழுதினாள்.

உலகத்தில் வேறெங்கும் முளைக்காத மரம் அது. பள்ளத்தில் நிற்பது பதினொன்றே பதினொன்று. "அதான் உச்சியிலயும் இருக்கே!" என்று சொல்லி, அதிகாரிகள் இப்போது பள்ளத்தை வெட்டிச் சாலை போட அளந்து கல் நட்டுவிட்டார்கள். உச்சி மரத்தைப் பார்த்து இசக்கி கையெழுத்துப் போட்டால் பதினொன்றும் சாயும்.

வழியெல்லாம் முருங்கைக்காய் நீளத்துக்கு அட்டைகள்! வழிகாட்டி மல்லன் காணி புகையிலைத் தண்ணீரைக் காலில் தேய்த்துக்கொண்டே திட்டினார். 'ஆண்டவரே, உச்சியில ஒரு மரமாவது இருக்கட்டும்' என்று வேண்டினாள் ஜெசிந்தா. இருந்தால் அவள் மானம் பிழைக்கும், பள்ளம் சாகும். அந்த வேண்டுதலே நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

உச்சியில் மூடுபனி. பாறை விளிம்புக்கு அப்பால் ஒற்றை மரம், வெளுத்த பட்டையோடு.

"அதோ! ஜெசிந்தா வச்ச புள்ளி தப்புமா?" இசக்கி பேனாவை எடுத்தான்.

"கிட்டப் போகாதிய! கால் வழுக்கினா கேரளாவுலதான் போய் விழணும்!" என்றார் மல்லன்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவ்வளவுதான். ஜெசிந்தா வாயை மூடவில்லை.

"கையெழுத்துப் போடாத, இசக்கி!"

பாறையில் வயிற்றால் ஊர்ந்தாள். கல் பெயர்ந்து பாதாளத்தில் உருண்டது! ஒரு கொப்பை ஒடித்துக்கொண்டு திரும்பினாள்.

"இலையைப் பாரு, இது சாதா நாவல். பட்டையில வெளுப்பெல்லாம் மரப்பாசி."

"அப்போ உன் புள்ளி?"

"பொய். நான் ஏறவே இல்ல."

"அடிப்பாவி!" மல்லன் துள்ளினார். "உன் பொய்க்கு நான் மூணு படி ரத்தம் குடுத்திருக்கேன்!"

இசக்கி பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினான். கீழே இறங்கும்வரை அவன் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மறுவாரம் அதிகாரிகள் நிறைந்த கூட்டத்தில் ஜெசிந்தா எழுந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஆறு மாதம் பணியிடைநீக்கம். ஆனால் சாலை மலையைச் சுற்றிக்கொண்டு போனது! அளவுக்கல்லைப் பிடுங்கிய நாளில் பள்ளத்தில் மல்லனின் ஊரே போட்ட குலவையில் மலை அரையடி நகர்ந்தது.

அந்தச் சத்தத்துக்கு நடுவே இசக்கி பக்கத்தில் வந்து நின்றான்.

"உன் தண்டனை முடிஞ்சதும் பாண்டிமுடி மலைக்கு ஏறணும். வர்றியா?"

"வர்றேன்."

"அங்க மரம் இல்லன்னா?"

"இல்லன்னு எழுதுவேன்."