அறுபத்தைந்து கிளிகள் அதிகம்

“அக்கா, என் சரக்கு கூடிப்போச்சுக்கா!”

மூச்சு வாங்க வந்து நின்ற சண்முகத்தாயைப் பார்த்ததும், சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த ஊர்க்காவலன் ஊசியைக் கீழே வைத்தார். முப்பத்தொரு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். எவ்வளவு நெரிசலிலும் டிக்கெட் எடுக்காதவன் முகம் தனக்குத் தெரிந்துவிடும் என்பது அவருடைய பெருமை. ஓய்வு பெற்றபின் அந்தத் திறமையை எங்கே காட்டுவது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி சொர்ணலட்சுமிக்கு அந்தக் கவலை இல்லை. சிவகாசியின் சின்னக் கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவர் அவர். அது 2007 மார்ச் கடைசி வாரம். வீடு முழுக்க நோட்டுகள்.

“குறைஞ்சாத்தானே திருட்டு? கூடுனா என்ன கேஸு?” என்றார் ஊர்க்காவலன், ஏமாற்றத்துடன்.

“அவ சொல்லட்டும்” என்றார் சொர்ணலட்சுமி.

விஸ்வநத்தத்துச் சண்முகத்தாய் ஒரு காலத்தில் தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டியவள். இப்போது அந்தப் பழைய லேபிள்களையே இன்டர்நெட்டில் விற்கிறாள். வெளிநாட்டில் அவற்றைச் சேர்த்துவைக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது, பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் பானுப்பிரியா. விற்கும் லேபிளுக்கு இரண்டு ரூபாய் கமிஷன் வாங்கிக்கொண்டு ஆர்டர்களைப் பார்த்துச் சொல்வதும் அவள்தான்.

“கிளி மார்க் லேபிள், அம்பத்தெட்டாம் வருசத்துச் சரக்கு. பழைய பேப்பர்க் கடைக் காளீஸ்வரன் அண்ணாச்சிகிட்ட டிசம்பர்ல முந்நூறு வாங்குனேன். நோட்டைக் கூட்டிப் பாத்தா முந்நூத்தி நாப்பது வித்திருக்கேன். பீரோவுல இன்னும் இருவத்தஞ்சு இருக்கு!”

“அறுவத்தஞ்சு அதிகம்” என்றார் சொர்ணலட்சுமி.

“அது போகட்டும்னாலும் விடமாட்டேங்குறாக. பெல்ஜியத்துல ஒருத்தரு, நீ அனுப்புனது போலின்னு எழுதியிருக்காரு. மூணு நாள்ல பதில் சொல்லலேன்னா கம்ப்ளெய்ண்ட் பண்ணிருவாராம். என் இன்டர்நெட் கடையையே மூடிருவாகளாம்க்கா.” அவள் கண் கலங்கிவிட்டது.

சொர்ணலட்சுமி ஒரு லேபிளை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுக் கணவரிடம் நீட்டினார். பழுப்பேறிய தாளில் பச்சைக் கிளி. ஊர்க்காவலன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடியிலிருந்ததை உரக்கப் படித்தார்: “கிளி மார்க் தீப்பெட்டி, சிவகாசி, 626 123. எல்லாம் சரியாத்தான இருக்கு.”

“ரொம்பச் சரியா இருக்கு” என்றார் சொர்ணலட்சுமி.

மறுநாள் காலை இருவரும் விஸ்வநத்தம் போனார்கள். டீ கிடைக்குமா என்று ஊர்க்காவலன் கேட்டார். “இந்த வீட்டுல டீயே கெடையாது மாமா. எங்க வீட்டுக்காரருக்கு அல்சர், எனக்குப் பிடிக்காது” என்று சண்முகத்தாய் காபி கொண்டுவந்தாள்.

சொர்ணலட்சுமி கணக்கு நோட்டைப் புரட்டினார். “தபால் ஸ்டாம்பு, கவரு, கத்திரிக்காய், டேப்பு, டீத்தூளு, ரசீது புக்கு... ஏத்தா, வீட்டுச் செலவையும் வியாபாரச் செலவையும் ஒரே நோட்டுலயா எழுதுவ?”

“மாசக் கடைசியில பலசரக்குக் கடைச் சிட்டையப் பாத்து அப்பிடியே இறக்கிருவேன்க்கா. யோசிக்கவே மாட்டேன்.”

“நல்ல வேளை” என்றார் சொர்ணலட்சுமி. பிறகு சுவரைப் பார்த்தார். “பொங்கலுக்கு வெள்ளையடிச்சீகளோ? பளிச்சுன்னு இருக்கு.”

“அவுகதான் அடிச்சாக. நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பாத்தா வீடே கண்ணாடி மாதிரி இருந்துச்சு” என்றாள் சண்முகத்தாய், பெருமையாக.

மூன்று நாள் கெடு வைத்த வழக்கில் சுண்ணாம்பைப் பற்றி என்ன பேச்சு? பொறுக்காமல் ஊர்க்காவலன் கிளம்பிவிட்டார். நேராகக் காளீஸ்வரன் கடைக்குப் போய், “போலிச் சரக்கு எங்கன அடிக்கிறீரு? உண்மையச் சொல்லிரும்” என்று தராசைத் தட்டினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அங்கிருந்து போய்ப் பானுப்பிரியாவிடம், அறுபத்தைந்து லேபிளுக்கு நூற்று முப்பது ரூபாய் கமிஷன் சம்பாதித்த குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொன்னார்.

அன்று சாயங்காலம் சண்முகத்தாய் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். காளீஸ்வரன் கோபத்தோடு வந்தார். பானுப்பிரியா அதைவிடக் கோபத்தோடு வந்தாள். சண்முகத்தாயின் கணவன் முனியராஜ், காலண்டர் அச்சடிக்கும் ஆபீசில் மெஷின்மேன், வேலை முடிந்து மை படிந்த கையோடு ஓரமாக உட்கார்ந்தான்.

“லேபிள் போலிதான்” என்று தொடங்கினார் சொர்ணலட்சுமி. “சிவகாசிக்கு அடுத்தாப்புல பின்கோடு போட்டிருக்கு. பின்கோடு வந்தது எழுவத்திரண்டுல. அம்பத்தெட்டாம் வருசத்துக் கிளிக்கு அது எப்பிடித் தெரியும்?”

ஊர்க்காவலனுக்குச் சுரீரென்றது. அதைத் தன் வாயாலேயே படித்தார்!

“அப்ப யாரு செஞ்சது? காளீஸ்வரன் அண்ணாச்சியா? கட்டுற சணலுக்குக்கூட எட்டணா போட்டு ரசீது எழுதுறவரு இவரு. அறுவத்தஞ்சு லேபிளைச் சும்மா குடுப்பாரா?”

“குடுக்கமாட்டேன்” என்றார் காளீஸ்வரன், நெஞ்சை நிமிர்த்தி.

“பானுவுக்குக் கமிஷன் உண்டு. ஆனா அவ இந்த வீட்டுக்கு வாரது இதுதான் முதல் தடவை. பீரோவுக்குள்ள எப்பிடி வைப்பா? லேபிளை மோந்து பாத்தேன். தேயிலை வாடை. புதுத் தாளைப் பழசாக்க டீத்தண்ணியில முக்கி எடுத்திருக்கு. டீயே குடிக்காத இந்த வீட்டுல, பொங்கலுக்கு அடுத்த வாரத்துலருந்து பதினோரு பாக்கெட்டு டீத்தூளு. கடைச் சிட்டையில வாங்குனவுக பேரும் இருக்கு.”

எல்லோரும் முனியராஜைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான்.

“வெள்ளையடிக்க பீரோவைக் காலி பண்ணையில அடித்தட்டுல ஒரு கட்டு இருந்துச்சுக்கா. பழைய குப்பைன்னு தீயில போட்டுட்டேன். பாதி எரிஞ்ச பெறகுதான் கிளி தெரிஞ்சுச்சு. ஒண்ணே ஒண்ணைத்தான் எடுக்க முடிஞ்சது. அதுலயும் அடிப்பக்கம் கருகிப்போச்சு.”

“அடியில இருந்த ஊருப் பேரை நீங்களே போட்டீக. காலண்டருக்குத் தினமும் முகவரி அடிக்கிற கை, பழக்கத்துல பின்கோடையும் சேத்துப் போட்டிருச்சு” என்றார் சொர்ணலட்சுமி.

முனியராஜ் தலையசைத்தான். “எத்தனை எரிஞ்சதுன்னு தெரியலை. அதான் பீரோவுல கொறையக் கொறைய வச்சேன்.”

“மொத்தம் எம்புட்டு அடிச்சீக?” என்று சண்முகத்தாய் முதல் முறையாக வாய் திறந்தாள்.

“ஆயிரம். மெஷினு அதுக்குக் கம்மியா ஓடாதுல்ல.”

பானுப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சண்முகத்தாய் சிரிக்கவில்லை. “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“நீ முதமுதலா சம்பாதிச்ச காசை எண்ணி எண்ணிச் சிரிச்சுக்கிட்டு இருந்த. எரிச்சுட்டேன்னு எந்த வாயால சொல்ல?”

அவள் நோட்டை எடுத்தாள். பொங்கலுக்கு முன்னால் விற்றது நாற்பது, அவை அசல். பின்னால் போன முந்நூறும் முனியராஜின் கிளிகள். லேபிளுக்கு நாற்பது ரூபாய். “பன்னெண்டாயிரம். எல்லாருக்கும் நடந்ததை எழுதி, பணத்தைத் திருப்பி அனுப்பிரு பானு” என்றாள். நோட்டைச் சொர்ணலட்சுமியிடம் நீட்டினாள். “மூணு மாசத்து லாபம்க்கா.”

“லாபம்னு நாமதான் எழுதிவச்சிருந்தோம்” என்று சொர்ணலட்சுமி அந்த விற்பனையைச் சிவப்பு மையால் அடித்தார்.

எழுதிய இரண்டாம் நாள் பெல்ஜியத்துக்காரரின் பதில் வந்தது. பானுப்பிரியா அதைத் தமிழில் சொன்னாள்: முப்பது வருஷத்தில் எத்தனையோ போலிகளை வாங்கியிருக்கிறாராம், எப்படிச் செய்தோம் என்று எழுதி, பணத்தையும் திருப்பிய கடை இது ஒன்றுதானாம். புகார் கொடுக்கப்போவதில்லை. இனி எந்தப் பழைய லேபிள் கிடைத்தாலும் முதலில் தனக்குத்தான் எழுத வேண்டுமாம். சண்முகத்தாய் அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். முனியராஜும் கூட நின்று கேட்டான்.

ஒரு வேலை பாக்கி இருந்தது. “காளீஸ்வரன் அண்ணாச்சிகிட்டப் போயி ஒரு மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க” என்றார் சொர்ணலட்சுமி. ஊர்க்காவலன் முனகிக்கொண்டே போனார். ஒரு மணி நேரம் கழித்து, சணல் கட்டிய பெரிய மூட்டை ஒன்றைத் தோளில் சுமந்து வந்து இறக்கினார்.

“என்ன இது?”

“பழைய பஞ்சாங்கம். பதினாலு கிலோ.”

“மன்னிச்சாரா, இல்லையா?”

“மன்னிச்சுட்டாரு” என்றார் ஊர்க்காவலன், வேர்வையைத் துடைத்துக்கொண்டு. “கிலோவுக்கு ரெண்டு ரூவா கொறைச்சும் குடுத்தாரு.”