ஒத்துப்போகாத பதிப்பு

கணினித் திரையில் விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்த வரிகளுக்கு நடுவே, கூடத்து விளக்கு எரிகிறது என்று ஒரு வரி கடந்துபோனது போலிருந்தது. அவள் உற்றுப் பார்ப்பதற்குள் அது மேலே ஏறி மறைந்துவிட்டது. கண் அசதியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மகளுக்குக் காய்ச்சல் என்று நேற்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே அந்தி கருத்துக்கொண்டிருந்தது. ஒருக்களித்திருந்த படுக்கையறைக் கதவின் வழியே மருந்தின் தித்திப்பு வாசனையும் பிள்ளையின் மூக்கடைத்த மூச்சொலியும் மெல்ல வந்தன. மதியம் மருந்தைத் துப்பியதற்காக அதன் முதுகில் அடி ஒன்று வைத்திருந்தாள். அந்தச் சூடு இன்னும் தன் உள்ளங்கையிலேயே தங்கியிருப்பதாகப் பட்டது. எழுந்திருக்கும்போது பக்கத்தில் இருந்துவிட வேண்டும். கண் விழித்ததும் அம்மா முகம் தெரியாவிட்டால் மூச்சு முட்ட அழுகிற பிள்ளை.

அதற்குள் இந்த வேலை முடிய வேண்டும். புதிதாக நிறுவிய கருவி, மென்பொருளை உருவாக்குவதற்கு முன் கணினியில் என்னென்ன இருக்கிறது, எழுதிய நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் எந்தப் பதிப்பு, அது மற்றதோடு ஒத்துப்போகுமா என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கும். அவளிடம் இருந்த பழைய கம்பைலர் அதற்குப் பிடிக்கவில்லை. மாற்றட்டுமா, மாற்றட்டுமா என்று நச்சரித்தது. கூட வேலை செய்யும் பையனைப் போனில் அழைத்துக் கேட்டாள். எதிலும் அவசரம் என்பதால் அலுவலகத்தில் அவனுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர்.

"ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லிட்டிருந்தா விடிஞ்சிரும்க்கா. மாமியார் பேச்சுக்குத் தலையாட்டுற மாதிரி மொத்தமா ஒரு ஆமாம் போட்டு விடுங்க. ஒத்துவராததைத் தூக்கிட்டு ஒத்துவர்றதை அதுவே வச்சுக்கும்."

"எதைத் தூக்குதுன்னு பாக்க வேண்டாமா?"

"அதையெல்லாம் யாருக்கா பாக்குறா?"

அவளும் சிரித்தாள். எதையும் கேட்காதே என்ற தெரிவைச் சேர்த்து, முழு அனுமதியும் கொடுத்து ஓடவிட்டாள்.

புதிய கம்பைலர் கிடைத்தது. ஒத்துப்போகிறது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். அடுத்த வரி வந்தது.

குழாய்: சொட்டுகிறது.

சமையலறையில் பாத்திரத்தின் மேல் நீர் விழும் சத்தம் கேட்டது. அதற்கு முன் அது கேட்டதா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

குழந்தை: இருக்கிறது.

காய்ச்சல்: இருக்கிறது.

யாரோ விளையாடுகிறார்கள் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டே நிறுத்தும் விசைகளை அழுத்தினாள். வரிகள் நிற்கவில்லை. மறுபடியும் அழுத்தினாள்.

அம்மா: இருக்கிறாள்.

பதிப்பு: பழையது.

ஒத்துப்போகவில்லை.

மின்கம்பியைப் பிடுங்கினாள். பேட்டரியில் ஓடியது. அணைக்கும் பொத்தானை விரல் வெளுக்கும்வரை அழுத்திப் பிடித்தாள்.

வேறொன்று தேடப்படுகிறது.

கிடைத்தது.

திரை அணைந்தது.

குழாய்ச் சத்தமும் நின்றது. அந்த அமைதியில், படுக்கையறைக் கட்டில் கிறீச்சிட்டது. பிள்ளை புரண்டால் வரும் சத்தமில்லை. ஆள் உட்காரும் சத்தம்.

"எந்திரிச்சிட்டியா தங்கம்? அம்மா இங்கதான் இருக்கேன்."

அவளுடைய குரல். அவள் வாய் திறக்கவில்லை.

ஓடினாள். கதவைத் தள்ளினாள்.

கட்டிலில் ஒருத்தி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் தோளில் மகள். அழவில்லை. மூக்கடைப்புகூட இல்லை. கழுத்தைக் கட்டிக்கொண்டு, அந்தத் தோளுக்கு மேலாக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அங்க யாரோ நிக்கிறாங்க."

கதவருகே நின்ற அவள் மகளைக் கூப்பிடப் பார்த்தாள். உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

கட்டிலில் இருந்தவள் திரும்பவில்லை. பிள்ளையின் முதுகை இதமாகத் தடவினாள்.

"யாரும் இல்லடா."

மகள் இன்னொரு முறை உற்றுப் பார்த்தாள். பிறகு சரி என்று தலையாட்டிவிட்டு, அந்தத் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.