மரக்கரடிக்குக் காலடி

திரையில் கரடி ஓரடி அதிகமாக வைத்தது.

ஒன்பது அடி நடந்து, மாடிப்படி ஓரம் நின்று, காணாமல்போன குழந்தையை நினைத்து அது பெருமூச்சு விட வேண்டும். காலையிலிருந்து நாற்பது தடவை அப்படித்தான் செய்தது. இந்தத் தடவை சத்தக்காரரின் கை தவறிப் பத்தாவது தட்டு விழுந்தது. கரடியும் பத்தாவது அடியை வைத்தது.

சத்தக்காரர் படங்களுக்குக் காலடி ஓசை போடுகிறவர். முப்பது வருடங்களில் திரையில் எத்தனை அழகிகள் குதிகால் செருப்பில் ஒயிலாக நடந்தார்களோ, அத்தனை பேருக்கும் கால் இவருடையது. இவருடைய மீசையைத்தான் ரசிகர்கள் யாரும் பார்த்ததில்லை. இப்போதைய படம், பொம்மைகள் எல்லாம் கூடிக் குழந்தையைத் தேடிக் கிளம்பும் குடும்பச் சித்திரம். தையல் நூல் சுற்றித் தீர்ந்த இரண்டு மரக்கட்டைகளைப் பலகையில் தட்டித் தட்டி மரக்கரடியை நடக்க வைத்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, இப்ப பத்து அடி வெச்சுதா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்யும் மச்சினன் சிரித்தான். "நீங்க பத்து தட்டினீங்க, அது பத்து வெச்சுது. எங்க அக்காகூட உங்க பேச்சை இப்படிக் கேட்டதில்ல அத்தான்! பழகிட்டே இருங்க, டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

"கதவைத் திறந்துட்டுப் போடா!"

"பதிவு ஓடுதே. அஞ்சே நிமிஷம்."

பதிவு ஓடும்வரை கதவு திறக்காது. அது மச்சினனின் மகா மூளையில் உதித்த பூட்டு. சுவர் முழுக்கத் தடித்த பஞ்சு. உள்ளே இடியே விழுந்தாலும் வெளியே தூங்குகிறவர் புரண்டு படுக்கமாட்டார். வார்னிஷும் பழைய தூசியும் கலந்து மணக்கும் அந்த இருட்டில், திரையின் மஞ்சள் வெளிச்சத்தில், கரடி அவரையே பார்த்து நின்றது.

ஒரு தட்டு. ஓரடி. இரண்டு தட்டு. இரண்டடி.

சத்தக்காரர் ஐந்து வயதுப் பிள்ளையாகிவிட்டார். டொக்டொக் என்று தட்டினார். கரடி தொப்பை குலுங்க ஆடிக்கொண்டே வந்தது. வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கும் அது நான்கு அடி வைத்தது.

சிரிப்பு நின்றது.

கரடியின் முகம் இப்போது திரையை அடைத்திருந்தது. மாடிப்படி எங்கோ பின்னால், தீக்குச்சி அளவில். மெதுவாகத் தட்டிப் பார்த்தார், பின்னால் போகுமோ என்று. போகவில்லை. அதற்கு முன்னால் மட்டும்தான் வழி தெரிந்தது.

எழுந்தார். நாற்காலி முனகியது. கரடியின் கால் திரையின் கீழ் விளிம்பைத் தாண்டிப் பலகைமேல் இறங்கியது, அடிமரம் போன்ற பருமனில். டொக். அந்த ஓசை அவர் போட்டதல்ல.

"மாப்ளே!"

இன்னொரு கால். கண்ணாடிக்கு அப்பால் காலி நாற்காலி.

ஓடினால் சத்தம். கதவைத் தட்டினால் சத்தம். அழுதாலும் சத்தம்.

மைக்! எறும்பு நடந்தாலும் பிடித்துக்கொள்ளும் மைக். அதன் வாயை அடைத்துவிட்டால் போதும், மச்சினன் வரும்வரை தாக்குப்பிடிக்கலாம். தொழில் தெரிந்த கை; துளி ஓசையில்லாமல் தாங்கியிலிருந்து உருவி, நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொண்டார்.

அமைதி.

டொக்.

அவர் அசையவில்லை. மூச்சுகூட விடவில்லை.

டொக்.

நெஞ்சுக்குள் ஓர் அடி. வெளியே ஓர் அடி.

மைக்கை விலக்க முடியாது. சட்டை உரசினால் அதுவே பத்து அடி.

பயப்படாதே. பயப்படாதேடா. தன்னிடமே கெஞ்சினார். இதயம் கேட்கவில்லை. வேகமெடுத்தது.

வரைந்து வைத்த சிரிப்பு மாறாமல், குழந்தையைத் தூக்கிக்கொள்ள வருவதுபோல் இரண்டு கைகளையும் விரித்தபடி, கரடி ஓடத் தொடங்கியது.